முதலாளியின் தண்ணீர்

திண்டிவனத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த இருவரும் டிவி சேனல்காரர்கள் என்று லோகோ போட்ட மைக்கைப் பார்த்ததும் தெரிந்தது. நிருபர் பெண் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

“நம்ம சேனல் மொதலாளி பேக்டரி கழிவுத் தண்ணியில மட்டும் மீனு சாவாதாம்ண்ணே. நாம எடுத்த நியூஸத் தூக்கிட்டாங்க.”

“உங்கம்மா ஆபரேஷனுக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ்தானேம்மா கைகொடுத்துச்சு?” என்றார் கேமராக்காரர்.

“அதாண்ணே பேஜாரு. வேலைய விட்டுட்டுப் போவவும் முடியல.”

விக்கிரவாண்டி தாண்டியதும் அவள் போன் அடித்தது.

“இல்லக்கா, எங்க டிவில வராது. மரக்காணத்துல யாரும் பாத்துக்கினு இருக்காதீங்க. உங்க ஊர்ல மீனு செத்துக் கெடக்குறத எடுத்த வீடியோவ உங்களுக்கே அனுப்புறேன். நீங்க எல்லாருக்கும் அனுப்புங்க.”

கேமராக்காரர் கேமராப் பையை எடுத்து மடியில் வைத்தார். ஜிப்பைத் திறந்தார்.

“நம்ம சேனல் மைக்கு படத்துல தெரியாத ஷாட்டா அனுப்பும்மா. எங்கிட்ட இருக்கு.”