இறக்கைக்குள் கேட்ட தட்டல்

நான் மேலே கண்ட முகவரியில், விமானத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில், அம்மாவுடனும் தம்பியுடனும் வசித்து வருகிறேன். வயது பத்தொன்பது. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறந்துபோனவர் என் அப்பா. விமான இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியில் நுழைந்து, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, கசியாமல் இருக்கப் பசை பூசுவது அவர் வேலை. ஒல்லியான உடம்பு என்பதால் அங்கே எல்லோரும் அவரை எலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சம்பவத்தன்று எங்கள் வகுப்பைத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போனார்கள். காலையில் அப்பா, "அங்க வந்து என்னைத் தேடாத. விமானத்துல ஏறுனதில்லயே தவிர, நான் றெக்கைக்குள்ளதான் குடியிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

தொழிற்சாலையில் மக்கள் தொடர்பு அதிகாரி எங்களுக்குத் தலைக்கவசம் கொடுத்து, ஒவ்வொரு பகுதியாகக் காட்டிக்கொண்டு வந்து, அதன் பிறகு இறக்கை பொருத்தும் இடத்தில் நிறுத்தினார். இறக்கையின் அடியில் ஆள் நுழையும் துவாரம் திறந்திருந்தது. அதன் வழியாகத் தடித்த மஞ்சள் குழாய் உள்ளே போயிற்று. அந்தக் குழாய்க்குள் காற்று ஊதும் புளோயரின் இரைச்சலில் அதிகாரி பேசியது காதில் விழவில்லை. அவர் அதை நிறுத்தச் சொன்னார். துவாரத்தருகே காவல் நின்றவர், "சார், உள்ள ஆள் இருக்கு. நிறுத்துனா வாடை தாங்காது" என்றார். "ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லி அதிகாரியே நிறுத்தினார். நாங்கள் ஏறுவதற்கு விமானி அறைப் பக்கம் ஏணியைப் பிடிக்கப் போகுமாறு காவல் நின்றவரிடம் சொன்னார். அவர் போகவில்லை. இரண்டாம் முறை அதட்டியதும் போனார்.

அதன் பிறகு அதிகாரி நெடுநேரம் விளக்கினார். எல்லாம் தெளிவாகக் கேட்டது. நான் ஒரு கேள்வி கேட்டேன். அப்போது இறக்கைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. "உள்ள வேலை மும்முரமா நடக்குது" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். என் குரலைக் கேட்டு அப்பாதான் தட்டுகிறார் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே கையை எட்டி, விரல் முட்டியால் திருப்பித் தட்டினேன். உள்ளிருந்து மறுபடி ஒரு தட்டு வந்தது, மெதுவாக. அதன் பிறகு வரவில்லை. அதிகாரி அடுத்த பகுதிக்குக் கூப்பிட்டார், போனோம். புளோயரை யாரும் மறுபடி போடவில்லை.

அதன் பிறகு ஏணியேறி விமானி அறையில் உட்கார்ந்திருந்தபோது, துவாரத்தருகே திரும்பிய காவல் நின்றவர் "எலியண்ணே! எலியண்ணே!" என்று கத்துவது கேட்டது. இறங்கி ஓடினேன். துவாரம் சிறியது என்பதால் தூக்க வந்தவர்களால் உடனே நுழைய முடியவில்லை. காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். ஒரு காலில் காலணிக்கு மேல் போடும் துணி உறை கழன்றிருந்தது. மருத்துவமனையில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

அங்கே அதே அதிகாரி வந்து அம்மாவிடம், "கரண்ட் போயிடுச்சும்மா, விதி. பையன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். மின்சாரம் போகவில்லை. விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. காவல் நின்றவரை வேலையை விட்டு நிறுத்தியதாகக் கேள்விப்படுகிறேன். அவர் மேல் குற்றமில்லை.

அம்மா இப்போது காவல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் திருப்பித் தட்டியது அவருக்குத் தெரியாது.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் மகள்