கஸ்பாச்சோவும் ஒரு சம்பந்தமும்

— பிரியாணியத் தொடாம எழுந்து போயிட்டாங்களே முன்னி! நிச்சயம் பண்ண வந்த சம்பந்தி வூட்டுக்கு எவளாச்சும் ஆறிப்போன தக்காளி ரசம் குடுப்பாளா?

— ஆறிப்போனது இல்லைங்க, சில்லுனுதான் குடிக்கணும். திண்டிவனத்துலேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. வெளிய வெயில்ல நம்மூரு கோட்டைப் பாறையே கொதிக்குது. ஐஸ் வாங்கியாந்து, தக்காளி, வெள்ளரி, பூண்டு, ஊறவெச்ச ரொட்டி எல்லாத்தையும் பச்சையா அரைச்சு ஆசையாக் குடுத்தேன்.

— பழைய ரொட்டி! அத வேற வாயால சொன்னியே!

— மாப்பிள்ளையோட அம்மாதான், இதுக்குப் பேரு இன்னான்னு கேட்டாங்க. கஸ்பாச்சோன்னேன். அப்படின்னா இன்னா அர்த்தம்னாங்க. தெரிஞ்சதச் சொன்னேன்.

— பெரிசா தெரிஞ்சிருச்சு உனக்கு!

— குவைத்துல நான் வேல செஞ்ச ஸ்பெயின் நாட்டு மேடம் சொன்னதுதான். அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்க ஊர்லயே யாருக்கும் நிச்சயமாத் தெரியாதாம். ரொட்டித் துண்டுன்னு அர்த்தம்பாங்களாம் சில பேரு. சர்ச்சு உண்டியல்ல ஆளாளுக்கு எதையாச்சும் போடுறாப்பல, கைக்குக் கெடைச்சதெல்லாம் போடுறதால வந்த பேரும்பாங்களாம் சில பேரு. நம்ம மார்க்கத்து ராஜாங்க அங்க ஆண்ட காலத்துலயே இருந்துச்சாம், தக்காளி இல்லாம.

— சரித்திரம் பேசுற நேரமா அது? ரொட்டித் துண்டு, உண்டியல்! பிச்சக்காரனுக்குப் போடுறதன்னு நெனச்சிட்டாங்க.

— அண்ணே, நான் ஒண்ணு...

— நீ உள்ள போ ஜாஹிதா. உன் கல்யாணத்தத்தான் உங்க அண்ணி கிண்ணத்துல கரைச்சு ஊத்திட்டா.

— அவள ஏன் வெரட்டுறீங்க? எனக்கும் ஒண்ணு கேக்கணும். 'அடுத்தவன் எச்சிப் பாத்திரம் கழுவுன கையால நாங்க குடிக்கணுமா'ன்னு அந்தம்மா கேட்டாங்களே, அப்ப நீங்க இன்னா செஞ்சீங்க? தரையப் பாத்துக்கிட்டு நின்னீங்க! இந்த வூட்டுக் கூரையப் பிரிச்சு மாடி எழுப்புனது எந்தக் கை? இதே கைதான?

— பொண்ணு வூட்டுக்காரன் இன்னாம்மா பேச முடியும்? நீ அழுதுகிட்டே அடுப்படிக்குப் போயிட்ட. சமாதானமா சாப்புட வெக்கலாம்னு நான் பிரியாணி தேக்சாவத் தூக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாரும் தெருவுல நிக்கிறாங்க. ஒரு கிண்ணம் பச்சத் தண்ணிக்காக...

— அதுக்காக அவங்க போவல அண்ணே. எங்க அண்ணிய இப்படிப் பேசுற வூட்டுக்கு நான் வாழ வரமாட்டேன், எழுந்திருங்கன்னு நான்தான் சொன்னேன்.