பதினேழாம் எண் வயல்

சோயாச் செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேரிலுள்ள முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். சுற்றிலும் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல அலச வேண்டும். என் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். சோதனைப் பட்டியலை ஏன் மாற்றினேன் என்று விசாரணையில் கேட்டிருக்கிறீர்கள். காரணம் அவனுடைய அந்தக் குணம்தான்.

ஆராய்ச்சி நிலையத்தின் வேர்முடிச்சுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். யூரியா தேவைப்படாது. தம்பியிடம் இதை விளக்கியபோது சிரித்தான்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு. வேருல ஒரு ரூமைக் கொடுத்துச் சோறு போட்டா, காத்துலேருந்து உரம் கொண்டுவருவான்."

"இந்த மாப்பிள்ளை வேலையும் செய்வான்," என்றேன். அவன் பெண்டாட்டி அடுக்களையிலிருந்து சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாக்டீரியா என்று யாரும் சொன்னதில்லை.

மாறிவரும் பருவநிலைக்கு ஏற்றபடி விவசாயக் கொள்கையைத் திருத்தி எழுத அரசு முடிவு செய்திருந்தது. யூரியாவைக் குறைத்து, இந்த பாக்டீரியாவைக் கரித்தூளில் கலந்து அடைத்த எங்கள் பாக்கெட்டைக் கொடுப்பது அதில் ஒரு பகுதி. அதற்குச் சான்று வேண்டும். எங்கள் மண்ணில் சோயாவுக்கான பாக்டீரியா இயல்பாகக் கிடையாது. அதனால் பாதி விவசாயிகளுக்கு உயிருள்ள பாக்கெட்டும் மீதிப்பேருக்குச் செத்த பாக்கெட்டும் கொடுத்து, விளைச்சலை ஒப்பிட்டுக் காட்டுவது வழக்கம். இரண்டும் பார்வைக்கு ஒரே கரித்தூள்தான். எது யாருக்குப் போகிறது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒப்பந்தத்தில் 'சோதனைப் பாக்கெட்' என்றும், யூரியா போடக் கூடாது என்றும் மட்டும் இருக்கும். பாக்கெட்டைச் சாகடிப்பது என் வேலை. ஆட்டோகிளேவ் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுக்கி, மூடி, நீராவியில் வேகவிட்டால் போதும்.

முதல் வருடம் சோதனை கெட்டுப்போனது. செத்த பாக்கெட் கிடைத்தவர்கள் இலை மஞ்சளானதும் யாருக்கும் தெரியாமல் யூரியா தூவிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் விளைச்சல் ஒன்றாக வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் கொள்கையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று இயக்குநர் சொன்னார்.

இரண்டாம் வருடம் இருபத்துநான்கு பேர். என் தம்பி பதினேழாம் எண். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு உயிருள்ள பாக்கெட் விழுந்தது. சந்தோஷப்பட்டேன். இதுவரை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். செத்த பாக்கெட் வாங்கப்போகிற பன்னிரண்டு பேரில் யார் யூரியாவைத் தொடாமல் இருப்பார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூடத் தேறவில்லை. ஒன்பதாம் எண்காரர் போன வருடம் இரண்டு தடவை யூரியா போட்டுவிட்டுப் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணியவர். தொடமாட்டான் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மறுபக்கத்தில் இருந்தான். ஒன்பதையும் பதினேழையும் இடம் மாற்றி எழுதினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இயக்குநருக்குத் தெரியாது.

தம்பிக்குரிய பாக்கெட்டுகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி நிலம் போதும் என்றேன். "நீ கொண்டு வந்ததை எதுக்கு அரைமனசாப் போடணும்," என்று முழு நிலத்திலும் விதைத்தான். ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டான்.

நாற்பதாம் நாள் ஈரச்சாக்கில் ஒரு செடியைச் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தான். தோண்டித்தான் எடுத்திருந்தான். அலசிய வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

"மாப்பிள்ளைங்க யாரும் வரலையே அண்ணா. நான் எங்க தப்புப் பண்ணேன்?"

செய்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். சர்க்கரைத் தண்ணீரில் கரித்தூளைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்திருந்தான். ஒரு பிசகும் இல்லை. வெயில் பட்டால் மாப்பிள்ளைகள் செத்துவிடுவார்கள், உலர்த்தும்போது நிழல் நகர்ந்திருக்கலாம் என்றேன்.

வேரை மறுபடியும் புரட்டிப் பார்த்தான். "இருக்கும். நடுவுல சாப்பிடப் போனேன்," என்றான்.

இப்போது யூரியா போட்டால் தேறுமா என்று கேட்டான். தேறும் என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், போட்டால் என் வேலை போய்விடும் என்றேன். அதுவும் பொய்யில்லை.

"அப்ப வேண்டாம்."

வாசல்வரை போனவன் திரும்பினான். "ஒருவேளை அந்தப் பாக்கெட்டுலயே..." என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். "சே. நீ செஞ்சதாச்சே."

போய்விட்டான். அவன் விட்டுப்போன செடியை எடுத்து வைத்துக்கொண்டேன். அளக்க வேண்டியிருந்தது.

விளைச்சல் வழக்கத்தில் பாதிகூட இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் தன் கவனக்குறைவு என்று சொன்னான். பிறகு நகரத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டும் வேலைக்குப் போனான். இரண்டாவது வாரம் மழைக்குப் பக்கச்சுவர் சரிந்தது. இழுத்து எடுக்க முடியவில்லை. சுற்றிலும் தோண்டித்தான் எடுத்தார்கள்.

துக்கத்துக்கு ஒன்பதாம் எண்காரரும் வந்திருந்தார். இப்படி ஒரு விளைச்சலை ஆயுசில் பார்த்ததில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் யூரியாவும் போட்டாராம்.

தம்பி பெண்டாட்டி என்னிடம் அழவில்லை. "வேலைக்குப் போற வரைக்கும் தினமும் முற்றத்துல குச்சி நட்டு, நிழல் எங்க விழுது, எப்ப நகருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, மாமா. அன்னைக்கு அங்க வெயிலே வந்திருக்காதுன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாரு, நீங்க சங்கடப்படுவீங்களாம்." மிச்சமிருந்த ஒரு பாக்கெட்டை அவள் பத்திரப்படுத்தியிருந்தாள். அதை வேறொரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததும், உள்ளே உயிருள்ளது எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதிக்கொடுத்ததும், அதனால் நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் உங்களுக்குத் தெரிந்தவை.

இந்த முறையும் செத்த பாக்கெட் வாங்கிய மற்ற எல்லோரும் யூரியா போட்டிருந்தார்கள். பதினேழாம் எண் வயல் மட்டும் சுத்தமாக இருந்தது. அறிக்கையின் முதல் பக்கப் படத்தில் இருப்பது அந்த வேர்தான். கொள்கை நிறைவேறியது. போன மாதம் முன்பின் தெரியாத ஒருவருடைய வயலில் செடியைத் தோண்டிப் பார்த்தேன். வேர் நிறைய முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. உயிரோடிருந்தால் அந்த நிறம்தான் இருக்கும். மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வயல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டியலை மாற்றியது நான். பாக்கெட்டை வேகவைத்தது நான். நாற்பதாம் நாள் ஒரு சாக்கு யூரியா அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று தெரிந்தே திருப்பி அனுப்பியதும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று வாசலில் நின்று அவன் ஆரம்பித்த கேள்வியை முடித்திருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.