குடும்பப் பெயர் என்ற கட்டம்

— உங்கட பெடியன்ர பெயர் ராசு. அது சரி. குடும்பப் பெயர்? காணாமப் போன ஆக்களைத் தேடுற படிவத்தில இந்தக் கட்டத்தை வெறுமையா விடேலாது, சுப்பம்மாக்கா.

— எங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லீங்களே, தோமஸ் தம்பி.

— இதில தேப்பன்ர பேரைப் போட்டு, கணபதி எண்டு ரெண்டு தரம் எழுதி அனுப்பினனான். ரெண்டு தரமும் அப்பிடி ஒரு ராசு இந்தியாவில ஒரு அகதி முகாமிலயும் இல்லையெண்டு பதில்.

— ஒங்களுக்கு என்னா போடுவீங்க?

— குரூஸ். போத்துக்கேயப் பேர். சிலுவை எண்டு கருத்து. எந்தக் காலத்திலயோ ஒரு பறங்கிச் சாமியார், முல்லைத்தீவுக் கரையில வலை இழுத்துக்கொண்டு நிண்ட எங்கட ஆக்களுக்கு ஞானஸ்நானம் குடுத்து வைச்ச பேராம்.

— குடுத்துவச்சவங்க. காணாமப் போனாலும் பேரப் புடிச்சுத் தேடலாம்.

— எங்க தேடுறது? கரையில பாதிச் சனம் குரூஸ். வேற குரூஸின்ர காதல் கடிதம் என்ர வீட்டுக்கு வந்து, மனுசி மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

— கணபதின்னா புள்ளையாரு. பேருதான் அப்படி. அந்த மனுசன் ஒக்காந்த எடத்துல இருக்கல்ல. ராசு வயித்துல நாலு மாசம். தேயிலைத் தோட்டத்த விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினவரு, ஒரு கடுதாசி போடல்ல.

— தொண்ணூறில பெடியனும் வள்ளத்தில அங்கதானே போனவன். தேப்பனைத் தேடியோ?

— அவனா? பள்ளிக்கூடத்துல பேருக்கு முன்னால 'சு'ன்னு எழுதுவான். அப்பா பேரோட எழுத்துதான் போடணும்னு வாத்தியாரு அடிச்சாரு. வீட்டுக்கு வந்ததும் நானும் அடிச்சேன்.

— நீங்களுமோ?

— ஊரு என்னா பேசும் தம்பி? அப்பன் இல்லாத புள்ளைன்னுல்ல சொல்லும். கையப் புடிச்சு 'க'ன்னு எழுத வச்சேன். எழுதிட்டு என்னய நிமிந்து பாத்தான் பாருங்க. அவன் போன இந்த ஆறு வருசமா அந்த மொகந்தான் கண்ணுல நிக்குது. தோட்டத்த விட்டு வந்து நாங்க போட்ட கிளிநொச்சிக் குடிசையும் சண்டையில போயி இப்ப இல்ல. அவன் கடுதாசி போட்டாலும் எங்க வந்து சேரும்? நான் ஒட்டுசுட்டான்ல கெடக்கேன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?

— அக்கா, கொஞ்சம் பொறுங்கோ.

— என்னா தேடுறீங்க?

— இந்திய முகாமுகளில இருந்து போன மாசம் வந்த பட்டியல். நான் 'க' பக்கத்தை மட்டுந்தான் பாத்தனான். மற்றப் பக்கத்தில ஒரு ஆம்பிளைக்கு, குடும்பப் பெயர்க் கட்டத்தில பொம்பிளைப் பேர் கிடந்தது. ஆரோ கிளாக்கர் மாறி எழுதிப்போட்டார் எண்டு நினைச்சுத் தள்ளி வைச்சிட்டன். என்ர பிழைதான். மன்னியுங்கோ.

— எனக்கு அந்த 'க'வுக்கு மேல படிக்கத் தெரியாது தம்பி. நீங்களே வாசிங்க.

— வயது இருபத்திநாலு. பிறந்தது தோட்டத்தில. பெயர், ராசு. குடும்பப் பெயர், சுப்பம்மா.