ஓரம் தெச்ச துண்டு

ரூபா: ...மொதல்ல எழுதுனதே நான் சொன்னதத்தான் மாமா. ஊர்த் திட்டத்துல.

ஹரிபிரசாத்: ரயில வுட்டு எறங்க வுடு ரூபா. ஸ்டேஷனுக்கே வந்துட்டியா? பாப்பா எங்க?

ரூபா: அத்த வெச்சிக்கினு கீறாங்க. நீ வூடு வர்ற வரைக்கும் என்னால தாங்க முடியல.

ஹரிபிரசாத்: சரி, நடந்துக்கினே சொல்லு.

ரூபா: காத்தால வார்டு ஆபீசுல மீட்டிங். நகரிக்கு இன்னா வேணும்னு ஊர்க்காரங்களே பேசி எழுதணுமாம். அறுபது எழுபது பேரு. பூவராகவன் பெரிப்பா ரோட்டு மேல ஆர்ச்சு கட்டணும்னாரு. இன்னொருத்தரு கல்யாண மண்டபம்னாரு...

ஹரிபிரசாத்: மண்டபம் நல்லதுதான.

ரூபா: குறுக்க பேசாத. மீட்டிங் நடத்துனாரே கோவர்த்தனன் சாரு, அவரு என்னப் பாத்து தெலுங்குல "செப்பம்மா", நீ சொல்லும்மான்னாரு. எனக்கு எந்திரிக்கவே பயம்.

ஹரிபிரசாத்: உனக்கா? வூட்ல என்ன நிக்க வெச்சி கேள்வி கேக்கறவளுக்கா?

ரூபா: அது வூடு. இங்க எல்லாரும் பாக்கறாங்க... எந்திரிச்சிட்டேன். நம்ம தறித் துணி பூரா மூட்டையா வேற ஊருக்குப் போவுது. அங்க வெட்டி, ஓரம் தெச்சி, துண்டு, பெட்ஷீட்டுன்னு திருப்பதி லாட்ஜுக்குப் போவுது. போறப்ப நகரி வழியாத்தான் லாரி போவுது. அந்த ஓரத்த நாமளே தெச்சா இன்னான்னு கேட்டேன். ஒரு கொட்டகையும் கரெண்டும் குடுங்க, முப்பது பொம்பளைங்களுக்கு உள்ளூர்லயே வேலன்னேன்.

ஹரிபிரசாத்: ...அப்பறம்?

ரூபா: செத்தேன்னு நெனச்சேன். அப்பறம் சென்னம்மாக்கா எந்திரிச்சி, எனக்குத் தெக்கத் தெரியும், நான் வர்றேன்னுச்சு. அது பின்னாலயே பத்து பேரு. மண்டபம் கேட்டவரே கையத் தூக்கிட்டாரு மாமா.

ஹரிபிரசாத்: பெரிப்பா?

ரூபா: அவருதான் மடக்கனாரு. "தெச்சிடுவ, யாரு வாங்குவாங்க? ஒரு பேரு சொல்லு"ன்னாரு.

ஹரிபிரசாத்: சொன்னியா?

ரூபா: எங்க வூட்டுக்காரரு திருப்பதி கார்மென்ட்ஸ்லதான் கட்டிங் மாஸ்டரு, பத்து நாள்ல ஒரு லாட்ஜுல கேட்டு எழுதி வாங்கியாருவாருன்னுட்டேன்.

ஹரிபிரசாத்: என்னயா சொன்ன?

ரூபா: வேற யார சொல்றது? லீவு குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். ஒரே ஒரு நாள் போடு மாமா. எழுதிக் குடுக்கலன்னா நம்முத அடிச்சிட்டு ஆர்ச்ச எழுதிடுவாங்க.

ஹரிபிரசாத்: லீவு ஒண்ணும் பெரிசில்ல.

ரூபா: நெசமாவா மாமா? இன்னொண்ணு கீது. அத்தைகிட்ட கூட சொல்லல.

ஹரிபிரசாத்: சொல்லு.

ரூபா: யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. என் பேர எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன். ரெண்டு வருசத்துக்கு. அடுத்த மாசம் திருப்பதிக்கு குடி போலாம்னியே... நான் வரல. திட்டறதுன்னா இங்கயே திட்டிடு, வூட்ல வேணாம்.

ஹரிபிரசாத்: திட்டல.

ரூபா: அப்ப மூஞ்சி ஏன் இப்டி கீது?

ஹரிபிரசாத்: கார்மென்ட்ஸ் வேல போயி எட்டு நாளாவுது ரூபா. உன்கிட்ட சொல்ல வாய் வரல. தினம் இதே ரயில்ல போயி லாட்ஜு லாட்ஜா ஏறி வேல கேட்டுக்கினு இருந்தேன். எங்கயும் இல்ல. இன்னிக்கி ஒரு மேனேஜரு எந்த ஊருன்னாரு, நகரின்னேன். "வேல இல்லப்பா... வெளுத்தா ஓரம் பிரியாத துண்டு உங்க ஊர்ல கெடைச்சா நாலு கொண்டா, பாக்கறேன்"னாரு. சென்னம்மாக்கா வூடு இந்தப் பக்கந்தான? வா, அவங்கள இப்பவே தெக்கச் சொல்லிட்டுப் போலாம்.