சார் ஏரி பார்க்க வந்த நாள்

அம்மா, ஊருக்கு விருந்தாளியைக் கூட்டி வருவதென்றால் முதலில் சாப்பாட்டை யோசிக்க வேண்டும். தர்மராஜ் சார் வந்தபோது நான் அப்படித்தான் செய்தேன். மத்தியானம் உன் கையால் கெளுத்தி மீன் குழம்பு. சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில். அவர் மேசையில் வைத்துக்கொள்ள, அரியலூர் சுண்ணாம்புக் குவாரியில் கிடைக்கிற, பழங்காலத்து நத்தை கல்லாகிப்போன நத்தைக் கல் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

காலையில் கரைவெட்டி ஏரி. அவர் வந்ததே அதற்காகத்தான். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வெளிநாட்டு வாத்து எங்கள் ஏரிக்கு வரும் என்று மெட்ராஸ் ஆபீசில் நான்தான் சொல்லியிருந்தேன். துபாய்க்கு ஆள் எடுப்பவர் அவர்.

அந்த வருஷம் மழை இல்லை. ஏரியில் பாதித் தண்ணீர்தான். வந்திருந்த கொஞ்ச வாத்துகளும் ஆள் தலை தெரிந்தாலே எழும்பிப் போயின. சாருடைய கேமராவுக்கு அவை கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். பயிருக்கு அடிக்க அப்பா வைத்திருந்த மருந்தை நெல்லில் கலந்து, முதல் நாள் சாயங்காலம் கரையோரம் தூவினேன். கொஞ்சமாகத்தான் கலந்தேன்.

காலையில் அவை அசையாமல் உட்கார்ந்திருந்தன. சார் முழங்கால் தண்ணீர் வரை போய்ப் படம் எடுத்தார்.

"கிட்டப் போனாலும் பறக்க மாட்டேங்குதேப்பா. உன்ன மாதிரியே சாது."

அப்போதுதான் நம் தெருக் கொளஞ்சியம்மாள் அக்கா கோரை அறுக்க வந்தாள். ஓரத்தில் கிடந்த இரண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"தம்பி, கெடந்த எடத்துலயே கெடக்குதுங்க. எடுத்துட்டுப் போவட்டா? புள்ளைங்க கறி தின்னு நாளாச்சு."

சார் சிரித்தார். "இது உங்க ஊர்ச் சாப்பாடா? நமக்கும் ரெண்டு சொல்லேன்."

"வேணாம் சார். அம்மா மீன் கொழம்பு வச்சிருக்கு."

அக்கா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவளிடமும் சொல்லியிருந்தால் ஏன் என்று சார் கேட்டிருப்பார். அவர் கேள்வி கேட்கிற மனுஷன்.

"நல்லா வேக வச்சுக் குடுக்கா," என்றேன்.

பிறகு சாப்பிட்டோம், கோயில் பார்த்தோம். மீன் குழம்பை சார் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். நத்தைக் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். மறுநாள் அக்காவின் சின்னவள் செத்துப்போனதாகச் செய்தி வந்தபோது நான் மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டேன். அடுத்த மாதம் விசா வந்தது.

'பிள்ளைகள் பசி தாங்கவில்லை என்று கறியைச் சீக்கிரம் இறக்கிவிட்டேனே, வேகாத கறியால்தான் போச்சு' என்று அக்கா இன்னும் அழுவதாக நீ எழுதியிருந்தாய். படித்ததும் கஷ்டமாக இருந்தது. அவளைத் தேற்று, அம்மா. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தேன் என்று அவளே ஒப்புக்கொள்கிறாளே.