பட்டாளத்து நடை

"...அழுதுக்கிட்டே நடன்னா நடந்துடுவேன் அண்ணி. அசந்துபோய் நடன்னாதான் வரமாட்டேங்குது."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது இந்தப் பேச்சு. சொன்ன பெண் சீட்டில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி, மடியில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை.

"மீன்காரி வயித்துல பொறந்துட்டு மீன்காரி மாதிரி நடக்கத் தெரியலயா? வெளிய சொல்லாத."

"ஆறு வருஷம் பட்டாளத்துல நடந்த காலு அண்ணி. அப்புறம் ஷூட்டிங்ல கூட்டத்த ஒதுக்குற செக்யூரிட்டி வேல. ஒருநாளு போலீஸா நடிக்கிற பொண்ணு வரல, நீ வந்து நில்லுன்னாங்க. அதுலேருந்து நாலு படமும் போலீஸுதான். இப்பத்தான் மொதமொதல்ல மீன்காரி வேஷம். நாள் பூரா வித்துட்டு வூட்டுக்குத் திரும்புற சீனு. 'பரேடு வேணாம்மா, நாளைக்கும் இப்படியே நடந்தா வேற ஆளப் போட்டுடுவேன்'னுட்டாரு டைரக்டரு."

அண்ணி சிரித்தாள். "பட்டாளத்துல புள்ளயத் தூக்கிக்கிட்டா நடக்கச் சொன்னாங்க? இந்தா, உம் மருமவளப் புடி. இவ கனத்துக்கு ஒடம்பு தன்னால வளையும்."

சிதம்பரத்தில் இறங்கியதும், தூங்கிப்போன குழந்தையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தோள் இறங்கியது.

"லெஃப்ட்! ரைட்!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டாள் அண்ணி.

அவள் திரும்பவே இல்லை. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோனாள்.